பின்போற் பொறி: சூதோ திறனோ?

சூதைக் கடிந்துரைக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், சூது யாது, திறன் யாது என வரையறுத்தல் எளிதன்று. அமெரிக்க நகரமன்றங்களையும் நீதிமன்றங்களையும் இவ்வினாவினாற் பல்லாண்டுகள் அலைக்கழித்தது பின்போல் என்னும் ஆட்டப்பொறியாகும்.

பகற்றெல் என்னும் மேசை விளையாட்டே இதற்கு மூலம். 1871 இல் சின்சினாற்றி நகரத்து மொன்ரகு றெட்கிறேவ், குண்டைச் செலுத்தும் சுருள்வில் தண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1931 இல் சிக்காக்கோவில் டேவிட் கொட்லீப் வெளியிட்ட ‘பவிள் போல்’, பொருளாதார மந்தத்தால் வாடிய மக்களிடையே பெருவிற்பனை கண்டது. ஆயின் ஆடுவோன் செய்யத்தக்கது தண்டை இழுத்து விடுதலொன்றே. எஞ்சியவை ஆணிகளின் செயல். பொறியைக் குலுக்கிப் பயன்பெற முயன்றோரைத் தடுக்க ஹறி வில்லியம்ஸ் ‘ரில்ற்’ அமைப்பை ஆக்கினார். அதன் நிலைத்த வடிவில், வளையமொன்றினூடே தூக்குக்குண்டு தொங்கும்; பொறி மிகையாக அசையின் அது வளையத்தைத் தொட்டு மின்சுற்றை நிறைவாக்கும்; ஆட்டம் தடைப்படும்.

1933 இல் வில்லியம்ஸின் ‘கொன்ராக்ற்’ மின்விசையைப் புகுத்தியபின் பொறியின் உள்ளமைப்பு வியத்தகு வளர்ச்சி பெற்றது. கணினி எதுவும் அதில் இல்லை. கணக்கெல்லாம் ‘றிலே’ என்னும் மின்காந்த ஆளிகளின் வேலை. பூவரசங்குளம் போலக் குளத்தாற் பெயர்பெற்ற வன்னியூரினர்க்கு இதனை விளக்குதல் எளிது. துருசை ஒருவர் திறக்க வயல்வெளிக்கு நீர் பாய்கின்றது. அவ்வாறே குண்டு தொட்ட தொடுகையின் சிறு மின்னோட்டம், பெரிய சுருளுக்குரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகின்றது. குண்டு அகன்ற பின்னரும் றிலே தன் தொடுகையினாலேயே தன்னைப் பற்றி நிற்கவல்லது. பொறியின் நினைவாற்றல் அதுவே. ஐம்பது புள்ளி வழங்கவேண்டின், சிறு மோட்டர் சுழன்று பத்துப்புள்ளிச் சக்கரத்துக்கு ஐந்து துடிப்புகளை அனுப்பும்.

1942 இல் நியூயோர்க் முதல்வர் லகுவார்டியா பின்போலைச் சூதெனத் தடைசெய்தார். ஆயிரக்கணக்கான பொறிகள் கைப்பற்றப்பட்டன. ஐந்தாண்டுகளின்பின், 1947 இல், கொட்லீப் நிறுவனத்தின் ஹறி மாப்ஸ் ‘ஹம்ப்ரி டம்ப்ரி’யில் ஆறு ‘பிளிப்பர்’களை அமைத்தார். பொத்தானை அழுத்தக் குண்டைத் திருப்பியடிக்கும் கைகள் இவை. பிற்காலப் பிளிப்பரின் சுருளில் இரு சுற்றுகள் உண்டு: வலியது கையை உயர்த்தும், உயர்ந்ததும் ஓர் ஆளி திறந்து, மெலிய சுற்றையும் இணைக்கும், அதனாற் சுருள் எரியாது. 1948 இல் ஸ்ரீவ் கோர்டெக், இரண்டு பிளிப்பர்களே போதுமெனக் காட்டினார்.

இதன்பின் பொறியைச் சூதென்பதற்கு நியாயம் குன்றியது. சட்டம் இதனை உணர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றமையே விந்தை! இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இல் றம்மிச் சீட்டாட்டத்தைத் திறன் மிக்கதெனக் கொண்டது; கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1974 இல் லொஸ் ஏஞ்சலிசின் பின்போல் தடையை நீக்கியது. 1976 இல் நியூயோர்க் மன்றத்தின்முன் றொஜர் ஷார்ப், குண்டு செல்லும் வழியை முன்கூட்டிச் சொல்லித் தண்டை இழுத்தார். குண்டு அவ்வழியே சென்றது. தடை நீங்கிற்று. ஆயின் ஓரிரு ஆண்டுகளில் நுண்மின்சுற்றுகள் வந்து றிலேக்களின் இடத்தைப் பற்றிக்கொண்டன.