நாகர் திருச்சபையின் அமைதி வேண்டலும் சமய உரிமையும் (1964–2009)

முன்னுரை

விடுதலை பெற்ற இந்தியாவில் மிக நீண்ட காலம் நீடித்த ஆயுதப் போராட்டங்களுள் நாகர் போராட்டமும் ஒன்று. அதன் வரலாறு பெரும்பாலும் படை நடவடிக்கைகள், ஒப்பந்தங்கள், தலைவர்கள் ஆகியவற்றின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. இப்போராட்டத்தின் இடையே நாகர் பாப்டிஸ்ட் திருச்சபைகள் அமைதிக்காக ஏறெடுத்த வேண்டுதல்கள் வழிபாட்டுக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. அவை போர்நிறுத்தம் ஒன்றுக்கே வழிவகுத்தன. அவ்வேண்டல் எவ்வாறு பொதுச் செயலாயிற்று, அதில் சமய உரிமை பெற்ற இடம் யாது, அதன் எல்லை எது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருச்சபையும் மக்களும்

1872-ஆம் ஆண்டில் அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் எட்வர்ட் வின்டர் கிளார்க், அசாமியரான கொதுலா ஆகியோரின் முயற்சியால் ஆவோ நாகரிடையே முதல் திருச்சபை தோன்றியது. நாகர் மொழிகள் பல எழுத்துரு பெற்றதும் பள்ளிகள் பெருகியதும் இச்சமயப் பணியின் விளைவுகள் ஆகும். எனினும் 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாகாலாந்தில் கிறித்தவர் ஏறத்தாழப் பாதியளவினரே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 87.93 விழுக்காட்டினர். ஆகவே, நாகர் சமூகம் பெரும்பான்மைக் கிறித்தவச் சமூகமாக மாறிய காலமும் போர்க்காலமும் பெரிதும் ஒன்றாகவே அமைந்தன எனலாம்.

1946-இல் தோன்றிய நாக தேசிய மன்றம் 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகர் விடுதலையை அறிவித்தது. 1956-இல் நாக கூட்டாட்சி அரசு என்னும் தலைமறைவு அரசு நிறுவப்பட்டது. அதன்பின் படை நடவடிக்கை விரிவடைந்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன; மக்கள் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு ஓரிடத்தில் தொகுத்துக் குடியமர்த்தப்பட்டனர். 1958-இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. நடுநிலையில் நின்று பேசுவோருக்கும் பாதுகாப்பு இல்லை. 1960-ஆம் ஆண்டின் பதினாறு அம்ச உடன்பாட்டிற்குத் தலைமை தாங்கிய இம்கோங்லிபா ஆவோ 1961-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சமய உரிமை பற்றிய இரு அச்சங்கள்

இக்காலத்தில் சமயம் குறித்து எதிரெதிரான இரண்டு அச்சங்கள் நிலவின. அயல்நாட்டு ஊழியர்கள் பிரிவினையைத் தூண்டுகின்றனர் என்னும் ஐயம் அரசுத் தரப்பில் இருந்தது. இந்திய ஆட்சியின் கீழ்த் தம் சமயமும் வழக்காறுகளும் அழியும் என்னும் அச்சம் போராளிகளிடையே இருந்தது. ‘நாகாலாந்து கிறிஸ்துவுக்கே’ என்னும் முழக்கம் இவ்வச்சத்தோடு தொடர்புடையது.

முதல் ஐயம் எதிர்பாராத விளைவைத் தந்தது. 1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஊழியர்கள் வெளியேறியதும் திருச்சபையின் பொறுப்பு முழுவதும் நாகர் கைக்கு வந்தது. பின்னாளில் இத்திருச்சபை இரு தரப்பாரிடமும் பேச முடிந்ததற்கு, அதனை அயலாரின் கருவி எனத் தள்ள இயலாமற்போனதும் ஒரு காரணம் ஆகும். இரண்டாம் அச்சத்திற்கு அரசியலமைப்பின் வழியே விடை தேடப்பட்டது. 1962-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 371-அ உறுப்பு, நாகரின் சமய, சமூக நடைமுறைகளையும் வழக்காற்றுச் சட்டத்தையும் நில உரிமையையும் பற்றிய நாடாளுமன்றச் சட்டம் மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தாலன்றி அங்குச் செல்லாது என்றது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து மாநிலம் உருவாயிற்று. ஆயினும் போர் ஓயவில்லை. சமய உரிமைக்கு எழுத்துவடிவிலான காப்புறுதி மட்டும் அமைதியைத் தந்துவிடாது என்பது இதனால் தெளிவாகிறது.

வோக்கா மாநாடும் அமைதிக் குழுவும்

1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபை மன்றம் வோக்காவில் மாநாடு கூட்டியது. கொன்யாக் நாகரிடையே நெடுங்காலம் ஊழியம் செய்த லோங்ரி ஆவோ இவ்வமைதி முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். அமைதிக்காக மன்றாடியதோடு அமையாமல், அமைதிக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றும் மாநாடு தீர்மானித்தது. காந்தியவாதி ஜெயபிரகாஷ் நாராயண், அசாம் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹா, தென்னாப்பிரிக்க இனஒதுக்கலை எதிர்த்த ஆங்கிலிக்கன் குரு மைக்கேல் ஸ்காட் ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். மூவருள் ஒருவரும் பாப்டிஸ்ட் அல்லர். இருவர் கிறித்தவரே அல்லர். அமைதியைத் தன் சமயத்தாரின் உடைமையாகத் திருச்சபை கருதவில்லை என்பதற்கு இத்தேர்வே சான்றாகும்.

1964 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் குழு முன்வைத்த கருத்துரு, நாகரின் தன்னுரிமை வேட்கையை மதித்து, இந்திய ஒன்றியத்தில் பங்குகொள்வதைத் தம் விருப்பத்தால் அவர்கள் முடிவு செய்யலாம் என்றது. ஆனால் இணக்கம் எட்டவில்லை. 1966-இல் ஜெயபிரகாஷ் நாராயண் விலகினார்; ஸ்காட் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்; குழு கலைந்தது. 1972-இல் போர்நிறுத்தமும் முடிவுக்கு வந்தது.

வேண்டலின் எல்லை

1975 நவம்பர் 11 அன்று கையெழுத்தான ஷில்லாங் உடன்பாட்டிற்கு முந்தைய இணைப்பு முயற்சிகளிலும் லோங்ரி ஆவோ பங்கேற்றார். அவ்வுடன்பாட்டை ஏற்காதோர் 1980-இல் நாகாலாந்து தேசிய சோசலிச மன்றத்தைத் தொடங்கினர். 1988-இல் அதுவும் பிளவுற்றது. இதன்பின் நாகரே நாகரைக் கொன்ற நிகழ்வுகள் பெருகின. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே சமயத்தார். ஒரே திருமறையை ஓதியவர்கள். அதுவரை நாகருக்கும் அரசுக்கும் இடையில் அமைதி வேண்டிய திருச்சபை, தன் மக்களிடையே ஒப்புரவை வேண்டும் நிலைக்குத் தள்ளப்பட்டது. சமய ஒருமை அமைதிக்கு உறுதி தராது என்னும் கசப்பான உண்மையை அது எதிர்கொண்டது.

2008-இல் வாத்தி ஐயர் என்னும் இறையியலாளரை அழைப்பாளராகக் கொண்டு நாகர் ஒப்புரவு மன்றம் தோன்றியது. 2009 ஜூன் மாதத்தில் ஐசக் சிஷி சூ, கப்லாங், சிங்ன்யா ஆகிய மூவர் ஒப்புரவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். போட்டிக் குழுக்களின் தலைவர்கள் ஒருவரையொருவர் மன்னிக்க முன்வந்ததே இதன் சிறப்பு.

முடிவுரை

நாகர் திருச்சபையின் அமைதி வேண்டல் இரண்டு கட்டங்களைக் கடந்தது. முதற்கட்டத்தில் அது அரசையும் போராளிகளையும் ஒரே மேசைக்கு அழைத்தது. இரண்டாம் கட்டத்தில் தன் சமூகத்தின் குற்றங்களை நோக்கித் திரும்பியது. இறுதித் தீர்வை அது தரவில்லை. ஆயினும் 1964-இல் தொடங்கிய போர்நிறுத்தம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. அந்த ஆண்டுகளில் ஊர்மக்கள் மீண்டும் வயலுக்கும் வழிபாட்டிற்கும் செல்ல முடிந்தது. அச்சமின்றி ஓரிடத்தில் கூடி வணங்க இயலாதபோது சமய உரிமை ஏட்டளவினதே. அவ்வகையில் அமைதி வேண்டலும் சமய உரிமை வேண்டலும் நாகருக்கு ஒன்றே எனலாம்.