இயல்புநிலைத் தரவுக் கட்டமைப்புகளைத் திருப்பியளித்தல்: ஒரு வரலாறு

கணினி நிரலில் ஒரு செயற்கூறு பட்டியல், அகராதி போன்ற தரவுக் கட்டமைப்பை விடையாகத் தரும்போது, ஒவ்வொரு அழைப்புக்கும் அதைப் புதிதாக உருவாக்குவதா, ஒன்றையே எல்லா அழைப்புகளுக்கும் பகிர்வதா என்பது நிரலாக்கத்தின் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். பகிர்ந்தால் நினைவகமும் நேரமும் மிச்சமாகும். ஆனால் ஓரிடத்தில் செய்த மாற்றம் வேறிடத்தில் பிழையாக வெளிப்படலாம்.

சி மொழி

சி மொழி நூலகத்தின் 'லோக்கல்டைம்' செயற்கூறு, நேரத்தை ஆண்டு, மாதம், நாள் எனப் பிரித்துத் தருகிறது. நினைவகம் மிகக் குறைவாக இருந்த யுனிக்ஸ் காலத்தில் உருவான இது, விடையை ஒரே நிலையான இடத்தில் எழுதி, அவ்விடத்தின் சுட்டியைத் தந்தது. தொடக்க நேரத்துக்கும் முடிவு நேரத்துக்கும் இதனை இருமுறை அழைத்தால், இரண்டாம் விடை முதல் விடையை அழித்துவிடும். இரு சுட்டிகளும் முடிவு நேரத்தையே காட்டும். பல இழைகள் ஒரே சமயத்தில் இயங்கும் நிரல்களில் இச்சிக்கல் பெரிதானது. எனவே 1995 ஆம் ஆண்டின் போசிக்ஸ் இழைத் தரம், விடைக்கான இடத்தை அழைப்பவரே கொடுக்கும் 'லோக்கல்டைம்_ஆர்' வடிவத்தைச் சேர்த்தது.

பைத்தானும் பிற மொழிகளும்

பைத்தானில் அளபுருவின் இயல்புநிலை மதிப்பு, செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒருமுறை மட்டுமே கணிக்கப்படுகிறது. வெற்றுப் பட்டியலை இயல்புநிலையாகக் கொண்டு, அதில் ஓர் எண்ணைச் சேர்த்துத் திருப்பியளிக்கும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். 10 உடன் அழைத்தால் [10] கிடைக்கும். அடுத்து 20 உடன் அழைத்தால் [20] அன்று, [10, 20] கிடைக்கும். இதனால் இயல்புநிலையை 'நன்' என வைத்து, பட்டியலைச் செயற்கூற்றின் உள்ளே உருவாக்குவது வழக்கமாயிற்று. 2006 இல் வெளியான பைத்தான் 2.5 இன் 'டிஃபால்ட்டிக்ட்', அகராதியில் இல்லாத திறவுச்சொல்லைத் தேடும்போது மட்டும் புதிய கட்டமைப்பை உருவாக்குகிறது. 2018 இன் பைத்தான் 3.7 இல் வந்த 'டேட்டாகிளாஸ்', வெறும் பட்டியலை இயல்புநிலையாகக் கொடுத்தால் பிழை எனக் காட்டி நிறுத்திவிடும். 2015 இல் யாவாக்கிறிட்டில் சேர்க்கப்பட்ட இயல்புநிலை அளபுருக்களோ, மதிப்புத் தரப்படாத ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகக் கணிக்கப்படுகின்றன.

மாற்ற முடியாத பகிர்வு

பகிர்வு எப்போதும் தவறன்று. 2004 இல் வெளியான சாவா 5 இன் 'எம்ப்டிலிஸ்ட்' மாற்ற முடியாத வெற்றுப் பட்டியலைத் தருகிறது. அதில் எதையும் சேர்க்க இயலாது. ஆகவே ஒன்றையே எத்தனை அழைப்புகளுக்கும் தரலாம். மாறாததைப் பகிர்வதும், மாறக்கூடியதைத் தேவைப்படும்போது மட்டும் புதிதாக உருவாக்குவதுமே இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வழிமுறையாகும்.