வீட்டுக் கொல்லுப்பட்டறை (மதுரை வட்டாரம்)

வீட்டுக் கொல்லுப்பட்டறை என்பது குடியிருக்கும் வீட்டை ஒட்டி உலையும் துருத்தியும் பட்டடையும் அமைத்து, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் சிறு பணியிடம். மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் ஊர்களில் கொல்லர் பட்டறைகள் பெரும்பாலும் இப்படியே இருந்து வந்துள்ளன. வாசலை ஒட்டி இறக்கிய ஒரு தாழ்ந்த சார்ப்பு, மண் தரை, ஓர் ஓரத்தில் உலை, நடுவில் புதைத்த கட்டையின் மேல் பட்டடை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் பட்டறை. பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காக இரும்படிக்கப் பழகுவோர் பெரும்பாலும் மேலைநாட்டுக் கையேடுகளைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். அவற்றைவிட, பக்கத்து ஊர்ப் பட்டறையே இந்த வெயிலுக்கும் இங்கே கிடைக்கும் பொருள்களுக்கும் பொருத்தமான முன்மாதிரி.

இவ்வட்டாரத்தில் இரும்பின் பழக்கம் மிகத் தொன்மையானது. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள கீழடி அகழாய்வில் இரும்புப் பொருள்கள் கிடைத்துள்ளன. இவ்வட்டாரத்துக்கு வெளியே, ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களே வெளிப்பட்டன. வேல் வடித்துத் தருவதைக் கொல்லரின் கடமையாகப் புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் வைக்கிறார். திருக்குறளின் 821ஆம் குறள், உள்ளன்பில்லாதவர் நட்புக்குப் பட்டடையை உவமையாக்குகிறது.

ஊர்க்கொல்லரின் வேலை நிலத்தைப் பொறுத்து மாறியது. 1895இல் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் பாசனம் பெற்ற மேலூர்ப் பக்கம் மண்வெட்டியும் கதிரரிவாளும் முதன்மை. திருமங்கலத்தைச் சேர்ந்த கரிசல் காட்டில் களைக்கொத்தும் ஏர்க்கொழுவும் பருத்திமார் வெட்டும் அரிவாளும் அதிகம் தேவைப்பட்டன. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவது இரு பக்கமும் பொது. கூலி பணமாக அல்ல, அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. இதற்குச் சுதந்திரம் என்று பெயர். டிராக்டரும் அறுவடை எந்திரமும் ஆலையில் வார்த்த கருவிகளும் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. ஆனாலும் கதிரரிவாளுக்குக் கருக்கு வெட்டவும், முனை மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சித் தட்டவும் இன்றும் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில், சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டு உபயோகத்துக்கான அரிவாள்களோடு, கருப்பசாமி கோயில்களுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் பல அடி நீள அரிவாள்களும் இங்கே அடிக்கப்படுகின்றன. இதற்கான இரும்பு பெரும்பாலும் பழைய லாரிகளின் வில்பட்டை. சுமை தாங்குவதற்காகவே செய்யப்பட்ட இந்த எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருப்பதால் விளிம்பு கெட்டிப்படும், எளிதில் ஒடியாது. கட்டடக் கம்பியிலும் சாதாரண இரும்புப் பட்டையிலும் கார்பன் குறைவு. கொக்கி, வளையம், அடுப்புக் குறடு செய்ய அவை போதும். வெட்டும் கருவிக்கு உதவாது.

உலைக்குச் செங்கல்லும் களிமண்ணும் போதுமானவை. ஒரு சாண் ஆழக் குழி, அதன் பக்கவாட்டில் காற்று நுழையும் இரும்புக் குழாய், குழாயின் வாயில் மண் பூசிய உலைமூக்கு. எரிபொருளாகச் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி எளிதில் கிடைக்கிறது. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் இரும்பு கெடாது, புகையும் அதிகம் வராது. குடியிருப்புப் பகுதிக்கு இது பெரிய வசதி. கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்கிவிட்டு இட வேண்டும். காற்று நேராகப் படும் இடத்தில் இரும்பை வைத்தால் மேற்பரப்பு செதிலாக உதிரும். அதற்குச் சற்று மேலே, கனிந்த கரி மேலும் கீழும் மூடியிருக்கும் இடமே சரியானது.

ஆட்டுத்தோல் துருத்தியின் இடத்தைக் கையால் சுற்றும் சக்கர விசிறியும், பின்னர் மின்சார ப்ளோயரும் பிடித்துவிட்டன. பழகுபவருக்குக் கைச்சக்கரமே நல்லது. கை நின்றால் காற்றும் நிற்கும். கவனம் சிதறிய நேரத்தில் இரும்பு எரிந்துபோவதில்லை. வெள்ளைச் சூட்டையும் தாண்டி மத்தாப்புப் பொறி தெறிக்கும் அளவுக்குக் காய்ந்த எஃகை எந்தத் துவைச்சலாலும் (நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதப்படுத்துவதாலும்) மீட்க முடியாது. எரிவாயு உலை அமைப்போர் சமையலுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பயன்பாட்டு சிலிண்டரும் அதற்கேற்ற உயரழுத்த ரெகுலேட்டரும் தேவை.

பட்டடையில்தான் நாட்டு முறையும் மேலை முறையும் மிகவும் வேறுபடுகின்றன. நாட்டுப் பட்டடை கொம்பில்லாத சதுர இரும்புக் கட்டி. அதை மரக்கட்டையில் இறக்கி, கட்டையை மண்ணில் புதைத்துவிடுவார்கள். கொல்லர் தரையில் உட்கார்ந்து இடக்கையில் குறட்டையும் வலக்கையில் சுத்தியலையும் பிடித்திருப்பார். எதிரே நிற்பவர், பல பட்டறைகளில் அவருடைய மனைவி, சம்மட்டி ஓங்குவார். பட்டடை தாழ்ந்திருப்பதால்தான் நின்று அடிப்பவரின் வீச்சு முழுமையாக இறங்குகிறது. கொல்லரின் சிறு சுத்தியல் விழும் இடமே அடுத்த சம்மட்டி அடி விழ வேண்டிய இடம். வாயால் சொல்லாமலே வேலை நடக்கும். துணையின்றித் தனியாக நின்று அடிப்பவருக்கு இந்தத் தாழ்ந்த பட்டடை ஒத்துவராது. கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மூடினால் விரல்கணு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும்.

பட்டடை வாங்கும்போது அது எஃகா வார்ப்பிரும்பா என்று சோதிப்பது அவசியம். ஒரு பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து முகத்தின் மேல் விட்டால், நல்ல எஃகில் அது ஏறத்தாழ விழுந்த உயரத்துக்கே எழும்பும், வார்ப்பிரும்பில் சோர்ந்து நின்றுவிடும். வார்ப்பிரும்பின் விளிம்பு அடி தாங்காமல் உடையும். கனமான எஃகுக் கட்டி எதுவும் தொடக்கத்துக்குப் போதும். தண்டவாளத் துண்டை நாடுவோர் பலர். படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி நட்டால், சுத்தியலுக்கு நேர் கீழே முழு எடையும் நின்று அடி வீணாகாது. ஆனால் இரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் விற்ற பழைய இரும்பு என்பதற்கு ரசீது இல்லாத தண்டவாளத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

இரும்பின் சூட்டை நிறமே சொல்லும். மங்கிய சிவப்பு 600 முதல் 700 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு 900க்கு மேல். மஞ்சள் 1,100ஐ ஒட்டியது. அடிக்க ஏற்றது ஆரஞ்சு முதல் மஞ்சள் வரை. சிவப்பு மங்கியபின் அடித்தால் எஃகில் வெடிப்பு விழும். பட்டறைக் கூரை தாழ்வாகவும் உள்ளே மங்கலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே: உச்சி வெயிலில் ஆரஞ்சுகூடச் சிவப்பாகத் தெரிந்து, வேண்டியதற்கு மேல் காய்ச்ச வைத்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் இவ்வட்டாரத்தில் விடியற்காலை வேலை உடம்புக்கும் கண்ணுக்கும் உகந்தது.

கொல்லரின் முழு அறிவும் துவைச்சலில் இருக்கிறது. அடித்து அராவி முடித்த அரிவாளைச் செஞ்சூட்டுக்கு ஏற்றுவார்கள். எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போவது புதிதாகப் பழகுபவருக்கு நல்ல அடையாளம்; அது ஏறத்தாழ 770 டிகிரியில் நிகழும், அதற்குச் சற்று மேலே துவைக்கலாம். வாய்ப்பக்கத்தை மட்டும் நொடி நேரம் தண்ணீரில் தோய்த்து வெளியே எடுத்து, செதிலை ஒரு கல்லால் தேய்த்து வெளுக்கச் செய்து பார்த்தால், முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல விளிம்பை நோக்கி வருவது நிறமாகத் தெரியும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். ஏறத்தாழ 220 முதல் 300 டிகிரிக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், முள்மரம் வெட்டினால் வாய் உடையும். நீலத்துக்கு விட்டால் உடையாது, கூர் தங்காது. விறகு வெட்டும் அரிவாளைப் பழுப்புக்கும் ஊதாவுக்கும் இடையில் மறுபடி நீரில் அமிழ்த்துவது பொதுவான தேர்வு. முழு அலகையும் ஒரேயடியாகத் தண்ணீரில் போட்டால் வில்பட்டை விரிசல் விட வாய்ப்புண்டு. அதற்கு எண்ணெயே பாதுகாப்பானது.

காப்பு விதிகள் சில, விட்டுக்கொடுக்க முடியாதவை. துத்தநாகம் பூசிய குழாயையோ தகட்டையோ உலையில் வைக்கக் கூடாது. அதன் புகை காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தரும். இருபுறமும் அடைத்த குழாய் வெடிக்கும். சிமெண்டுத் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால் தரை சில்லாகத் தெறிக்கும் என்பதால் மண் தரையே ஏற்றது. மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். குறைந்தது இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும். பருத்தி உடையும் கண்ணாடியும் மூடிய செருப்பும் கட்டாயம்.

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியதல்லாதபோது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஆயுதமாக எண்ணப்படுகிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை நடத்திய ஆயுத ஒழிப்பு நடவடிக்கையின்போது, அரிவாள் வாங்குவோரின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதவும் கண்காணிப்புக் கேமரா வைக்கவும் பட்டறைக்காரர்கள் அறிவுறுத்தப்பட்டனர். விருப்பத்துக்கு அடிப்பவரும் தாம் செய்த வெட்டுக்கருவி யார் கைக்குப் போகிறது என்பதைக் குறித்து வைப்பது முறை.

பழகும் வரிசை பட்டறைகளில் உள்ளதுதான்: முதலில் துருத்தி, பிறகு சம்மட்டி, அதன்பின் ஆணியும் கொக்கியும், அடுத்து உளியும் களைக்கொத்தும், கடைசியில் அரிவாள். தனக்கு வேண்டிய குறட்டைத் தானே அடித்துக்கொள்வது இவ்வரிசையின் நடுவில் வரும்.