முப்பதாம் இலக்க விமானப் படையணி: ஒரு வரலாற்று நோக்கு

அரசுகளின் வரலாற்றை எழுதுவோர் மன்னர் பெயரையும் ஆட்சியாண்டையும் பற்றிக்கொண்டு செல்லலாம். ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு அத்தகைய பற்றுக்கோடு கிடைப்பது அரிது. அங்கே ஆட்கள் மாறுவர், இடம் மாறும், கருவி மாறும், ஈற்றிலே தொழிலும் மாறிவிடும். அங்ஙனமாயின் மாறாது நின்றது யாது என்பதே அவ்வரலாற்றின் முதல் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்தற்குப் பிரித்தானிய அரச விமானப்படையின் முப்பதாம் இலக்க அணி தக்கதோர் எடுத்துக்காட்டு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்து எழுந்து போரிட்ட அணி இதுவே. ஆதலின் அதன் கதை நம் நாட்டு வரலாற்றோடும் தொடர்புடையது. ஆயினும் நூற்றாண்டைக் கடந்த அதன் வாழ்வில், அது சண்டை விமான அணியாக விளங்கியது ஆறாண்டுக்கும் குறைந்த காலமே என்பது பலர் அறியாத செய்தியாகும்.

1914ஆம் ஆண்டின் இறுதியிலே, சுயெஸ் கால்வாயைக் காத்தற்பொருட்டு எகிப்து நாட்டு இஸ்மாயிலியாவுக்குச் சிறியதொரு விமானக் குழு அனுப்பப்பட்டது. அக்குழுவே 1915 மார்ச்சில் 30 என்னும் இலக்கம் பெற்றது. அவ்வாண்டிலேயே அதன் பணி மெசப்பொத்தேமியாவுக்குப் பரந்தது. அங்கே குத் நகரில் ஜெனரல் டவுன்ஸென்ட் என்பாரின் சேனையைத் துருக்கியர் ஏறக்குறைய ஐந்து மாதம் முற்றுகையிட்டனர். அச்சேனையில் இந்தியப் போர்வீரரே பெருந்தொகையினர். 1916 ஏப்பிரிலில் உணவு அருகியபோது, முப்பதாம் அணியினர் கடற்படை விமானங்களுடன் சேர்ந்து மாவு மூட்டைகளை வானிலிருந்து போட்டனர். மாவரைக்கும் கல்லும் அவ்வாறே போடப்பட்டது. அக்கால விமானங்களோ வலுவற்ற இயந்திரங்களும் மெல்லிய சிறகுகளும் உடையன. அவை சுமக்கத்தக்க பாரம் மிகச் சிறிது. மூட்டைகளுட் சில தைகிரிசு ஆற்றில் வீழ்ந்தன. சில பகைவர் அகழிகளில் வீழ்ந்தன. ஏப்பிரில் 29ஆந் திகதி ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தனர். முற்றுகையிடப்பட்டோருக்கு வான்வழியே உணவளிக்கும் முயற்சிகளுள் உலகில் முதன்மையானவற்றுள் இஃது ஒன்று. அது தோல்வியில் முடிந்தது. ஆயினும் தோன்றிய கருத்து அழியவில்லை.

போர் முடிந்தபின் அணி ஈராக்கிலேயே தங்கியது. 1922ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அந்நாட்டின் பாதுகாப்புப் பொறுப்பு விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. தரைப்படைகளை நிறுத்துவதிலும் சில விமான அணிகளை வைத்திருப்பது செலவு குறைந்தது என்பதே இதற்குக் காரணம். செலவைக் குறைத்த அம்முறையின் சுமையை ஏற்றவர் யாவர்? வரி கொடாத கிராமங்களும் ஆணைக்குப் பணியாத குலத்தலைவர்களின் ஊர்களும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. அணியின் சின்னத்திற் பொறிக்கப்பட்டிருக்கும் பேரீச்ச மரம் இக்கால நினைவைத் தாங்கி நிற்பது. விமானிக்கு அம்மரம் நெடுஞ்சேவையின் அடையாளம். அம்மர நிழலிற் குடியிருந்த உழவனுக்கு அது வேறொன்றை நினைவூட்டும். ஒரு சின்னத்தின் பொருளை அதனை அணிந்தோரிடம் மாத்திரம் கேட்டறிவது வரலாறாகாது.

இரண்டாம் உலகப் போரிலேதான் அணி தன் தொழிலை மாற்றியது. 1940 நவம்பரில், இத்தாலியரால் தாக்கப்பட்ட கிரேக்க நாட்டுக்கு உதவியாக அது அனுப்பப்பட்டது. அப்போது அதனிடமிருந்தவை பிளென்ஹைம் என்னும் இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள். அவற்றுட் சிலவற்றின் வயிற்றிலே துப்பாக்கிகளைப் பொருத்திச் சண்டை விமானங்களாகப் பயன்படுத்தினர். 1941இல் அணி முழுவதும் சண்டை விமான அணியாயிற்று. கிரேக்கம் வீழ்ந்தபின் கிறீற்றுத் தீவுக்குப் பின்வாங்கினர். அவ்வாண்டு மே 20ஆந் திகதி செருமானிய பரசூட் படையினர் மாலெமே விமானத்தளத்தில் இறங்கியபோது, அங்கே பறக்கத்தக்க விமானம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இயந்திரம் திருத்துவோரும் ஆயுதம் பூட்டுவோருமே துப்பாக்கியேந்திக் காலாட்படையினர்போற் போரிட்டனர். பலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். ஓர் அணி என்பது விமானிகள் மாத்திரம் அன்று என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும்.

பின்னர் எகிப்தில் ஹரிக்கேன் விமானங்களைப் பெற்ற அணி, பாலைவனப் போரில் ஈடுபட்டது. 1942 பெப்புருவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இலங்கையைக் காத்தல் அவசரமாயிற்று. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் இன்டொமிற்றபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து அணி இரத்மலானையை அடைந்தது. ஏப்பிரில் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்திற் சென்ற கனேடிய விமானி பேர்ச்சல், அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தியனுப்பினார். ஆகவே தாக்குதல் வருமென்பது தெரிந்திருந்தது. எந்நேரத்தில் வருமென்பது தெரியவில்லை. கொழும்பிலே றேடார் நிலையம் இருந்தும் எச்சரிக்கை இரத்மலானையை அடையவில்லை. மறுநாட் காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் தளத்தின் மேல் தோன்றியபோதே ஹரிக்கேன்கள் தரையிலிருந்து எழுந்தன.

சண்டை விமானிக்கு உயரமே முதற்பொருள். மேலிருப்பவன் பாய்ந்து தாக்கி மீண்டும் மேலெழலாம். கீழிருந்து ஏறுபவனுக்கு வேகமுமில்லை, திரும்புவதற்கு இடமுமில்லை. அன்றியும் யப்பானியரின் சீறோ விமானம் ஹரிக்கேனைவிட விரைவில் வளைந்து திரும்பவல்லது. பாலைவனத்திற் பெற்ற பயிற்சி இப்புதிய பகைக்கு ஈடாகவில்லை. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழுந்த 258ஆம் அணியையும் சேர்த்து நோக்கின், போரிட்ட ஹரிக்கேன்களில் ஏறக்குறைய அரைப்பங்கு அழிந்தன. யப்பானியர் கொழும்பின் மேல் இழந்தவை 7 விமானங்கள் என்பது அவர்தம் பதிவுகளால் தெரியவருகின்றது. தாம் வீழ்த்தியதாகக் காவலர் கூறிய தொகையோ அதனின் இரு மடங்குக்கு மேற்பட்டது. இதனைப் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. ஒரே விமானத்தை இருவர் சுட்டிருக்கலாம். புகை கக்கிச் சென்ற விமானம் கப்பலை அடைந்திருக்கலாம். எனினும் இருதரப்புப் பதிவுகளையும் ஒப்பிடாது ஒருதரப்புத் தொகையையே திரும்பத் திரும்ப எழுதுவோமாயின், நாம் வரலாற்றை விட்டு வெற்றிப் பரணி பாடுபவராவோம். ஏறும் வழியிலேயே மாண்ட இளைஞரின் துணிவுக்குப் பொய்த்தொகை எதுவும் பெருமை சேர்ப்பதன்று.

1944இல் அணி பர்மியப் போர்முனைக்குச் சென்றது. அவ்வாண்டிலேயே தண்டர்போல்ற் விமானங்களைப் பெற்றது. போர் முடிந்தபின் டெம்பெஸ்ற் விமானங்களோடு சிறிதுகாலம் இந்தியாவில் இருந்து, 1946 இறுதியிற் கலைக்கப்பட்டது. அத்துடன் அதன் சண்டை விமானக் காலம் முடிவுற்றது.

1947 நவம்பரில் மீண்டும் தோன்றியபோது அது டக்கோட்டா விமானங்களைக் கொண்ட போக்குவரத்து அணியாக இருந்தது. அடுத்த ஆண்டே சோவியத்து அரசு மேற்கு பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. நேசநாட்டு விமானங்கள் 1948, 1949ஆம் ஆண்டுகளில் 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட உணவையும் நிலக்கரியையும் அந்நகருக்குக் கொண்டுசென்றன. அப்பணியில் முப்பதாம் அணியும் பங்குகொண்டது. குத் நகரிலே மாவு மூட்டைகளோடு தோற்ற அணியின் இலக்கம், 32 ஆண்டுகளுக்குப் பின் அதே பணி வெற்றிபெற்ற இடத்திலே காணப்படுகின்றது. 1916இல் இல்லாத துணிவு 1948இல் புதிதாகப் பிறந்துவிடவில்லை. விமானத்தின் ஆற்றலும் ஒழுங்கமைப்புமே வளர்ந்திருந்தன. அதன்பின் வலெற்றா, பெவர்லி, 1968 முதல் ஹேர்க்குலீஸ் எனப் போக்குவரத்து விமானங்களையே அணி செலுத்தியது. 2016இல் கலைக்கப்பட்டு, 2021இல் ஏ 400 எம் விமானங்களோடு மீண்டும் அமைக்கப்பட்டது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். மாறாது நின்றவை ஓர் இலக்கமும் ஒரு சின்னமும் மாத்திரமே. அவை தம்மளவில் வெறுமையானவை. புதிதாக வருவோர்க்கு முன்னோர் செய்தவற்றைச் சொல்லிக்கொடுக்கும்போதே அவை உயிர் பெறுகின்றன. எவற்றைச் சொல்லிக்கொடுப்பது என்பதிலேதான் நிறுவனத்தின் தகுதி அடங்கியுள்ளது. கொழும்பு வானத்துத் துணிவை மட்டும் சொல்லி, குத் நகரின் பசியையும் ஈராக்கியக் கிராமங்களின் அழிவையும் மறைப்பின், இலக்கம் தொடரும், வரலாறு அறுந்துவிடும். நீண்ட ஆயுளையுடைய எந்த நிறுவனத்துக்கும், கல்விக்கூடங்களுக்குங்கூட, இது பொருந்துவதேயாம்.