எத்தியோல்: கல் செதுக்கக் கற்றவர்களின் தடயங்கள்

எத்தியோல் என்பது பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்குத் தெற்கே செய்ன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழங்கற்காலத் தொல்லியல் களம் ஆகும். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் மக்தலேனியப் பண்பாட்டைச் சேர்ந்த வேட்டை மக்கள் இங்குப் பலமுறை வந்து தங்கினர். 1972 முதல் இவெத் தபோரென் தலைமையில் இக்களம் அகழப்பட்டது. சக்கிமுக்கிக் கல்லைச் செதுக்கும் தொழிலைப் புதியவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதற்குத் தெளிவான சான்று தரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

கல்லைத் தேர்தல்

சக்கிமுக்கிக் கல் சுண்ணப்பாறை அடுக்குகளில் முண்டுகளாகக் கிடைக்கிறது. வெளியே வெண்ணிறத் தோலும் உள்ளே கண்ணாடி போல் உடையும் தன்மையும் கொண்டது. தட்டும்போது கணீரென ஒலிப்பது நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். எத்தியோல் பகுதியில் கிடைத்த முண்டுகள் மிகப் பெரியவை. 30 செ.மீ.க்கும் மேல் நீளமுள்ள அலகுகளை அவற்றிலிருந்து எடுக்க முடிந்தது.

செதுக்கும் முறை

அடிபடும் விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். கல்லின் முகத்தில் நேரான முகடு ஒன்றை முதலில் அமைப்பர்; அடியின் விசை அம்முகட்டின் வழியே ஓடும். பின் விளிம்பைத் தேய்த்து உறுதியாக்கி, மான் கொம்பு போன்ற மென்மையான சுத்தியலால் அடிப்பர்.

புதியவர் இதில் பலவாறு தவறுவார். செதில் முழு நீளம் ஓடாமல் நடுவில் படியாக முறியும். அப்படியை நீக்காமல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அடிப்பதால் கல் வீணாகும்.

மீளப் பொருத்திய கற்கள்

சிதறிக் கிடந்த செதில்களை ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று பொருத்தி, மூலக் கற்களை மீண்டும் உருவாக்கினர். எந்த அடி முதலில் விழுந்தது, எது தவறியது என்பது இதனால் தெரியவந்தது. நிக்கோல் பிஜோ 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு குடியிருப்பில் தேர்ந்த கைகள் அடுப்பின் அருகே நல்ல கற்களைச் செதுக்கின. திறன் குறைந்தவர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்தனர். தொடக்கநிலையினர் ஓரத்தில், தரம் குறைந்த கற்களிலோ பிறர் விட்டுச்சென்ற கருக்கற்களிலோ பழகினர்.

சான்றின் வரம்பு

மோசமாக உடைந்த ஒரு கல் மட்டும் மாணவரைக் காட்டிவிடாது. கல்லில் விரிசல் இருந்தால் வல்லவரும் தோற்பார். எனவே ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதும், கிடைத்த செதில்கள் பயன்படுத்தப்படாமல் அங்கேயே கிடப்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. பிரான்சுவா போர்து, அமெரிக்காவின் டான் கிராப்ட்ரி போன்றோர் தாமே செதுக்கப் பழகியது இப்பிழைகளை அடையாளம் காண உதவியது. எழுத்தில்லாக் காலத்துப் பிள்ளைகளும் இளையோரும் வரலாற்றில் பெரும்பாலும் தடமின்றி மறைந்துவிட்டனர். எத்தியோலின் வீணான கற்கள், அவர்கள் எங்கே அமர்ந்து எதைப் பழகியிருக்கலாம் என்பதை அறிய வழிதருகின்றன.