சென்னை மாகாணத்தில் தொடக்ககாலத் திரையரங்க முதலீடு

நாடகம், கச்சேரி, பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்காக எழுந்த நகர மண்டபங்களில் சலனப்படம் இடம்பிடித்து, பின்னர் தனக்கென நிலையான அரங்குகளைப் பெற்ற காலம் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 1882 முதல் 1920 வரை நீள்கிறது. இக்காலத்தில் அரங்கு கட்டுவதற்கான பணம் மூன்று வழிகளில் திரண்டது: சமஸ்தானாதிபதிகளும் செல்வர்களும் கொடுத்த நன்கொடை, தனிமனிதர்கள் சொத்தை ஈடுவைத்துப் பெற்ற கடனும் ஊர் ஊராகப் படம் காட்டிச் சேர்த்த வசூலும், கூட்டுப்பங்கு நிறுவனங்களின் மூலதனம். தென்னிந்தியர் எழுப்பிய முதல் திரையரங்குகள் இரண்டாம் வழியில் உருவானவை.

நன்கொடையில் எழுந்த மண்டபம்

சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று 1882 மார்ச்சில் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய பிரமுகர்கள் முடிவுசெய்தனர். 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். திருவிதாங்கூர், மைசூர் மகாராஜாக்கள், புதுக்கோட்டை அரசர், எட்டயபுரம் ஜமீன்தார் உள்ளிட்டோர் நன்கொடை அளித்தனர். திரண்ட தொகை 16,425 ரூபாய். பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா வீதம், நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ராபர்ட் சிஷோம் வரைந்த இந்தோ-சாரசெனிக் வடிவத்தை நம்பெருமாள் செட்டி கட்டி முடித்தார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி 1888இல் அதற்கு விக்டோரியா பப்ளிக் ஹால் என்று பெயரிடப்பட்டது.

பணம் கொடுத்தவர்கள் இலாபம் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகம் ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே அரங்கேறின. 1890களின் பிற்பகுதியில் நகரின் முதல் சலனப்படக் காட்சிகளும் இங்கேயே நடந்தன. படம் காட்ட வந்தவருக்கு இதனால் பெரிய வசதி கிடைத்தது: கட்டடத்தில் ஒரு காசும் போடாமல், வாடகையை மட்டும் கட்டிவிட்டுத் தொழிலைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் கருவி, பிறகு கட்டடம்

1906 அக்டோபரில் அர்பத்நாட் வங்கி திவாலாகி, மாகாணத்தின் பல குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மூலதனச் சந்தையில் நம்பிக்கை குலைந்திருந்த அந்த ஆண்டுகளில்தான் படத்தொழில் தலையெடுத்தது. அதில் இறங்கியவர்கள் கைமுதலை நிலத்திலோ கட்டடத்திலோ முடக்கவில்லை; படம் காட்டும் கருவியில் போட்டார்கள். கருவியைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றலாம். ஓர் ஊரில் கூட்டம் வராவிட்டால் அடுத்த ஊருக்குப் போகலாம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்தார். அங்கே படம் காட்ட வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்று ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படச்சுருள்களையும் 1905இல் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். ஒரு ரயில்வே ஊழியருக்கு அது பல ஆண்டுச் சம்பளம். வேலையை விட்டுவிட்டு இந்தியாவின் பல பகுதிகளிலும் கடல் கடந்தும் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1909இல் சென்னை எஸ்பிளனேடில் அவருடைய கூடாரம் நின்றது. அந்த வசூல் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்காயிற்று. மின்சாரத்தையும் அவரே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. பின்னாளில் மின்விசையில் இயங்கும் மாவு மில்லும் அச்சகமும் நடத்தினார். படத்துக்காகத் தொடங்கிய ஏற்பாட்டிலிருந்து வேறு வருமானமும் வந்தது. அரங்கு இருந்த தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான்.

சென்னையில் மவுண்ட் ரோடு புகைப்படக் கலைஞர் ரகுபதி வெங்கையா இன்னும் பெரிய துணிச்சல் காட்டினார். கோமோன் நிறுவனத்தின் குரோனோமெகாபோன் கருவியை வாங்க, தம் ஸ்டூடியோவை ஈடுவைத்து 30,000 ரூபாய் திரட்டினார். இசைத்தட்டின் ஒலியைப் படத்தோடு ஒத்து ஓடச் செய்யும் கருவி அது. விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1910 வாக்கில் காட்டத் தொடங்கி, பர்மா, இலங்கை வரை கொண்டு சென்றார். திரும்பி வந்து மவுண்ட் ரோட்டை ஒட்டி கெயிட்டி தியேட்டரை எழுப்பினார். சென்னையில் இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் திரையரங்கு அது. தங்கசாலைத் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் ஆகியவை அடுத்து வந்தன.

ஐரோப்பியர் அரங்குகள்

இதே காலத்தில் ஐரோப்பியரும் மவுண்ட் ரோட்டில் முதலீடு செய்தனர். வார்விக் மேஜர் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளே ஓடியது. கட்டடம் அஞ்சல் துறையிடம் போயிற்று. இசைக்கருவி வணிகர்களான மிஸ்குவித் நிறுவனத்தின் கட்டடத்தில் கோஹன் என்பவர் லிரிக் தியேட்டரை நடத்தினார். ஒரு சாலையின் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களை நம்பிய அரங்கும், தரை டிக்கெட்டு வரை எல்லா வகுப்பினரையும் உள்ளே விட்ட அரங்கும் ஒரே கணக்கில் ஓடவில்லை.

இடரைப் பகிர்ந்த மேடை

படச்சுருள் வரத்து சீராக இல்லாததால், படத்தை மட்டும் நம்பி அரங்கு நடத்துவது ஆபத்தாக இருந்தது. எனவே பல அரங்குகளில் திரைக்கு முன்னால் மேடை இருந்தது. நடனம், குறுநாடகம், மல்யுத்தம், மாயாஜாலம் ஆகியவை படத்தோடு சேர்ந்தோ தனியாகவோ நடந்தன. வெரைட்டி ஹால் என்ற பெயரே இந்த ஏற்பாட்டைச் சொல்கிறது. போட்ட பணத்தை மீட்க நாடகக் குழுவின் வாடகையும் உதவியது.

பங்கு மூலதனமும் பிந்தைய நிலையும்

கல்கத்தாவில் ஜே.எஃப். மதன் வளர்த்த தொழில் 1919இல் மதன் தியேட்டர்ஸ் என்ற கூட்டுப்பங்கு நிறுவனமாகி, துணைக்கண்டம் எங்கும் அரங்குகளை வாங்கியது. சென்னையில் எல்பின்ஸ்டன் அதனுடையது. 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளுக்கு ஏற்ற பாதுகாப்பும் கட்டாயமானது. கையில் கருவி இருந்தால் போதும் என்ற நிலை இதோடு மாறியது; அரங்கு தொடங்கும் செலவு உயர்ந்தது.

அரங்குகளில் சேர்ந்த பணம் அடுத்துப் படத் தயாரிப்புக்குத் திரும்பியது. வெங்கையாவும் மகன் ரகுபதி பிரகாஷும் ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனத்தின் மூலம் 1921இல் ‘பீஷ்ம பிரதிக்ஞை’யை எடுத்தனர். வின்சென்ட் 1933இல் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ பேசும்படத்தைத் தயாரித்தார். 1930களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் அமைந்தபோது, மில் முதலாளிகளுடன் அவரும் பங்குதாரரானார். தனியாள் துணிச்சலில் தொடங்கிய தொழிலுக்கு உள்ளூர்ப் பங்கு மூலதனம் வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.