சலுகை கொடுத்தால் சட்டம் சாயுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிச்ச கையோட வந்து உட்கார்ந்திருக்கிற தோழர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா, நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும்"னார். நல்லா கைதட்டல் வாங்கிட்டார். அவருக்கு நான் வரலாற்றிலிருந்து பதில் சொல்றேன்.

1985ஆம் ஆண்டு, ஜூலை மாதம். கேரளத்தின் கோட்டயம் மாவட்டம். யெகோவாவின் சாட்சிகள் என்கிற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் ஒலித்தால் எழுந்து மரியாதையாக நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேள்வி எழுப்ப, விசாரணை நடந்தது. விசாரணை அறிக்கை என்ன சொல்லிச்சு தெரியுமா? சட்டத்தை மதிக்கிற பிள்ளைங்க, கீதத்தை அவமதிக்கலேன்னு சொல்லிச்சு! அப்புறமும் பள்ளியை விட்டு அனுப்பிட்டாங்க. உயர் நீதிமன்றத்திலும் கதவு திறக்கவில்லை.

1986 ஆகஸ்ட் 11. உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் தீர்ப்புச் சொன்னார்கள். பாடித்தான் ஆகணும்னு சட்டம் கிடையாது. எழுந்து நிற்பதே மரியாதைதான். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதுதான் பிஜோ இம்மானுவேல் வழக்கு. நாடு கவிழ்ந்தா போச்சு?

அமெரிக்காவிலும் இதே பிரிவுப் பிள்ளைகள்தான். கொடிக்கு வணக்கம் செலுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே வருஷம்! 1943இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அது தப்பு என்று அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது.

பிரிட்டனில் 1976இல், தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து சட்டமே விலக்குத் தந்தது. ஊரே தலைப்பாகை கட்டிக்கிட்டு வரிசையில நின்னுதா? இல்லையே! நம்ம அரசியல் சட்டமும் 25ஆவது பிரிவிலேயே சீக்கியரின் கிர்பானை அங்கீகரித்திருக்கிறது.

"அப்போ எல்லைக்கோடே கிடையாதா?"ன்னு எதிரணி கேட்கும். இருக்குங்க! அதே 25ஆவது பிரிவு, பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டுத்தான் மத உரிமை என்கிறது. ஓடுகிற இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போகிறவர் உடம்போடு ஒட்டிய உடைதான் போடணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. இங்கே இருக்கிற தோழர்களுக்கு அது ஏன்னு தெரியும். பெல்ட்டுக்கு எந்த மதத்துத் துணின்னு தெரியாது, பிடிச்சா இழுத்துடும். அங்கே விதி உயிரைக் காக்குது. ஆனால் வாய்திறக்காமல் நின்ற அந்தப் பிள்ளைகளால் யாருக்கு என்ன காயம்?

என் அளவுகோல் இதுதான்: அடுத்தவருக்குக் கேடு வருதா? வந்தால் நிறுத்துங்கள். வரலேன்னா வழிவிடுங்கள். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஒரே ஊர்லதான் இருக்கு. ஒருத்தர் இன்னொருத்தர் மாதிரி மாறினதால அந்த ஊர் நிலைக்கலீங்க. அவரவர் வழக்கத்துக்கு இடம் விட்டதால நிலைச்சுது.

சலுகையால் சட்டம் சாயாது. சக மனிதனைச் சாய்த்தால்தான் சட்டம் சாயும்.